சிக்னல் முழுதாக இருக்கிறது

பிப்ரவரி 26

அண்ணா,

இல்லை, அதைத்தான் முதலில் செய்தேன். ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கி, நீ எப்போதும் சொல்வதுபோல் கொஞ்ச நேரம் விட்டு, திரும்ப மாட்டினேன். நீ பூட்டிவைத்த மரப்பெட்டியின் இடுக்கு வழியாகப் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவது தெரிந்தது. லேப்டாப்பில் சிக்னலின் நான்கு கோடும் முழுதாக நின்றது. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

கடிதம் எழுதச் சொன்னது நீ, அதனால் எழுதுகிறேன். போனில் கத்திக்கொண்டது எனக்கும் பிடிக்கவில்லை. "உன் குரலைக் கேட்டாலே எனக்கு ஏறுது. எழுது. எழுதினா நிதானமா வரும்" என்றாய். வைஃபையைப் பற்றி நிதானமாக எழுதுவது சுலபம். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

நடப்பது இதுதான். லேப்டாப் வைஃபையோடு இணைகிறது. சிக்னல் முழுதாக இருக்கிறது. உள்ளே ஒன்றும் வருவதில்லை. குழாயைத் திறந்தால் வெறும் காற்று வருமே, அப்படி. சில நாள் மதியம் வரை ஒழுங்காக ஓடும். பிறகு நின்றுவிடும். என் கைபேசி அதே வைஃபையில் ஓடுகிறது. அப்பாவின் அறையில் நீ மாட்டிய கேமராவும் ஓடுகிறது, அதன் நீல விளக்கு ஒரு முறைகூட அணைந்ததில்லை. லேப்டாப் மட்டும்தான்.

அவசரம் ஏன் என்றால், வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் பூச்சியியல் துறையில் ஆராய்ச்சி இடத்துக்கு எழுதிப்போட்டிருந்தேன். கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாம் இணையம் வழியாக. மார்ச் 27, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. முதலில் ஒரு தேர்வு, பிறகு மூன்று பேர் கேள்வி கேட்பார்கள். தேர்வு கைபேசியில் திறக்காது, லேப்டாப் வேண்டும். நடுவில் தொடர்பு அறுந்தால் இந்த வருடம் போனதுதான். வீட்டுக்குள் கைபேசிக்குச் சொந்தமாகச் சிக்னல் கிடைக்காது என்பது உனக்குத் தெரியும். வெளியே எங்காவது போய் எழுதலாம் என்றால் அப்பாவைத் தனியாக விட முடியாது.

நேற்று நான் துணி காயப்போடப் போன நேரத்தில் எழுந்து வாசற்கதவு வரை வந்துவிட்டார்.

"வண்டி வெளிய நிக்குதா?"

"நிக்குதுப்பா."

"யாரோ காத்துக்கிட்டிருக்காங்க. சாவி எங்க வெச்ச?"

வேலைக்குப் போன காலமெல்லாம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். யாரும் காத்திருக்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது. தேடித் தருகிறேன் என்று கட்டிலுக்கு அழைத்துப் போனேன். நீ பார்த்திருப்பாய்.

என்ன செய்யலாம் என்று எழுது.

தங்கை


மார்ச் 2

கொசுவே,

கரப்பான் பூச்சியைக் கண்டு நாற்காலி மேல் ஏறியவள் பூச்சி ஆராய்ச்சிக்குப் போகிறாளாம். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். அணைக் கட்டுப்பாட்டு அறையில் யாரும் சிரிப்பதில்லை. நீர்மட்டம் ஏறும், இறங்கும், எழுதி வைப்போம். அவ்வளவுதான் இங்கே.

சரி, விஷயத்துக்கு வா. கைபேசி ஓடுகிறது, கேமரா ஓடுகிறது என்றால் ரூட்டரில் குறை இல்லை. லைனிலும் இல்லை. உன் லேப்டாப்தான். நான் சொல்வதை வரிசையாகச் செய். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

முதலில், நம் வீட்டு வைஃபையை லேப்டாப் மறக்கும்படி செய்து, பாஸ்வேர்டு போட்டுப் புதிதாக இணை. ஒரு நாள் ஓட்டிப் பார். சரியாகவில்லை என்றால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லேப்டாப் தானே வைஃபையைத் தூங்க வைக்கும், அந்த அமைப்பை நிறுத்து. அதற்கும் மசியவில்லை என்றால் வைஃபை டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போடு. அடுப்பங்கரைச் சுவரைத் தாண்டி உட்காராதே, அந்தச் சுவர் சிக்னலைத் தின்னும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை உடைக்காதே. அப்பா வயரைப் பிடுங்குகிறார் என்றுதான் பூட்டு போட்டேன், சாவி என்னிடம் இருப்பதும் அதனால்தான். உள்ளே இருக்கும் பொத்தானை நீ அழுத்தினால் எல்லாம் அழிந்துபோகும், கேமராவும் போகும். பிறகு அப்பா விழுந்தால்கூட எனக்குத் தெரியாது.

கம்பெனி ஆட்களையும் கூப்பிடாதே. நல்லா இருப்பதையும் கெடுத்துவிட்டுப் போவார்கள்.

நேர்காணல் பற்றி எழுதியிருந்தாய். நல்லது. நீ போய்விட்டால் அப்பாவை யார் பார்ப்பது என்று எழுதவில்லை.

அண்ணன்


மார்ச் 6

அண்ணா,

நீ சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

மறக்க வைத்து இணைத்தேன். ஒரு நாள் ஓடியது. மறுநாள் நின்றது. தூங்க வைக்கும் அமைப்பை நிறுத்தினேன். மாற்றமில்லை. டிரைவரை நீக்கிப் போட்டேன். அரை நாள் ஓடியது, எனக்கு நம்பிக்கை வந்தது, நின்றது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஓடவிட்டு நிற்கிறது. சுத்தமாக ஓடாவிட்டால்கூடத் தேவலை. விட்டுத் தொலைத்திருப்பேன்.

பிறகு நானாக ஒன்று செய்தேன். மாடியில் குடியிருக்கும் மருந்துக்கடை அக்காவின் லேப்டாப்பை வாங்கி வந்து நம் வைஃபையில் இணைத்தேன். ஓடியது. என் லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுபோய் அவர்கள் வைஃபையில் இணைத்தேன். அதுவும் ஓடியது. அவ்வளவு நேரமும் அக்கா கீழே அப்பாவிடம் உட்கார்ந்திருந்தார்கள். ஆக, என் லேப்டாப்பில் குறை இல்லை. நம் வைஃபையிலும் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் குறை. இதற்கு என்ன பெயர் அண்ணா?

கோபப்படாதே, கம்பெனிக்கும் போன் செய்தேன். சமையலறை ஜன்னலில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு. ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், கணக்கு வேற பேர்ல இருக்கு. அவங்க சொன்னாத்தான் ஆள் அனுப்புவோம்."

"அது என் அண்ணன்."

"அப்போ ரொம்ப ஈசி மேடம். அவங்களையே ஒரு போன் பண்ணச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவளே சொன்னாள்: "ஆனா மேடம், போன மாசமே பேசியிருக்காரே. வீட்டுக்கு ஆள் யாரையும் அனுப்ப வேண்டாம்னு குறிப்பு போட்டிருக்கு."

அது ஏன்? எனக்கு லேப்டாப் மக்கர் செய்யத் தொடங்கியதும் போன மாதம்தான். நீ கேட்பாய் என்பதற்காகச் சொல்கிறேன், சந்தேகமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அப்பாவைப் பற்றி. என்னோடு அழைத்துப் போகலாம் என்று ஒரு யோசனை. அந்த ஊரில் தரைத்தளத்தில் அறைகள் கிடைக்குமாம். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. முதலில் தேர்வு. பதின்மூன்றாம் தேதி பயிற்சித் தேர்வு ஒன்று வைக்கிறார்கள், உண்மைத் தேர்வு நடக்கும் அதே பக்கத்தில். அன்று மட்டுமாவது ஓடினால் போதும்.

தங்கை


மார்ச் 10

கொசுவுக்கு,

உனக்குப் படிப்பு இருக்கிறது, உலகம் தெரியவில்லை. கம்பெனிக்காரன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் இப்போது நிறைய. வீட்டில் ஒரு பெண்ணும் படுத்திருக்கும் மனுஷனும். அதனால்தான் ஆள் அனுப்பாதே என்றேன். இதை உன்னிடம் சொல்லி உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன். அது தப்பா?

நீ எழுதியதில் எனக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது. அந்த மருந்துக்கடைக்காரியின் லேப்டாப்பை நம் வைஃபையில் இணைத்திருக்கிறாய். பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறாய். அவள் எப்போது குடிவந்தாள்? தையோ மாசியோ. உனக்கு வைஃபை எப்போது மக்கர் செய்யத் தொடங்கியது? நீயே கணக்குப் போட்டுப் பார். மேலே உட்கார்ந்துகொண்டு நம் நெட்டை உறிஞ்சுகிறவள் உன் லேப்டாப்பைத் தள்ளிவிட்டால் அவளுக்கு வேகம் கூடும். இதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரிகிறது.

இரண்டு வாரமாக அவள் அப்பாவின் அறைக்கு வருவதும் போவதும் பார்க்கிறேன். போன ஞாயிறு அப்பாவின் தலையணையை மாற்றி வைத்தாள். நம் வீட்டுத் தலையணையை மாற்ற அவள் யார்?

அவளை உள்ளே விடாதே. சொல்கிற விதமாகச் சொல்லிவிடு. பிறகு பார், நெட் தானாகச் சரியாகும்.

அப்பாவை அழைத்துப் போகிறாயாம். நம் வீட்டில் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு குளியலறைக்குப் போகத் தெரியும். புது இடத்தில் எதையாவது இடித்துக்கொண்டு விழுவார். அம்மா படுத்த கட்டில் அங்கே இருக்கிறது. இதையெல்லாம் தேர்வுத்தாளில் கேட்கமாட்டார்கள்.

அண்ணன்


மார்ச் 14

அண்ணா,

நீ சொன்னபடி செய்தேன். நன்றாக இல்லை.

அக்கா படியிறங்கி வந்தபோது கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினேன். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், வெளியாட்கள் யாரும் வேண்டாம் என்கிறார்கள் என்று ஏதோ உளறினேன். அக்கா கையில் அப்பாவுக்கு வாங்கிவந்த மாத்திரைப் பொட்டலம்.

"ஏம்மா, உங்க வீட்டு நெட்டைத் திருடித்தான் நான் பிழைக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"சொல்லல. கதவு சொல்லுது."

பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கே நெட் சரியாகிவிட்டது. அது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. இரவு வரை ஓடியது. நீ சொன்னது சரிதான் போல என்று நினைத்தேன். அக்காவை மனதுக்குள் திட்டினேன்.

பதின்மூன்றாம் தேதி காலை போய்விட்டது.

நான்கு கோடும் நின்றது. பயிற்சித் தேர்வுக்கு எல்லாம் எடுத்து வைத்து உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பாவின் அறையில் நீல விளக்கு எரிந்தது. நேரம் முடிந்த பிறகு, அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு வந்து பார்த்தால், எல்லாப் பக்கங்களும் தாமாகத் திறந்து கிடந்தன. ஒன்றுமே நடக்காததுபோல.

எனக்கு இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. லேப்டாப்பைத் திறக்கும் முன் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன். கதவுக்குப் பின்னால் பார்க்கிறேன். யாரைத் தேடுகிறேன் என்று தெரியவில்லை. வீட்டில் இருப்பது நானும் அப்பாவும். அப்பாவுக்கு வலது கை எழாது.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். கேமராவை அங்கிருந்து பார்ப்பதுபோல் ரூட்டரையும் உன்னால் பார்க்க முடியுமா? அதில் எதையாவது மாற்ற முடியுமா?

தங்கை


மார்ச் 17

கொசுவுக்கு,

முடியாது. கேமராவில் படம் வரும், அவ்வளவுதான். ரூட்டர் அங்கே பெட்டிக்குள் இருக்கிறது, நான் மலைமேல் இருக்கிறேன். என்னிடம் என்ன மந்திரக்கோலா இருக்கிறது?

இந்தக் கேள்வியை நீ கேட்டதே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நேராகக் கேட்டாய், நானும் நேராகச் சொல்கிறேன். அம்மா போன வருடம் நான் கல்லூரியிலிருந்து நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. நின்றேன். அப்பா வண்டியில், நீ பள்ளிக்கூடத்தில், வீட்டில் சோறு வைக்க ஆள் வேண்டும். அதைப் பற்றி உன்னிடம் ஒரு நாள் வாய் திறந்திருப்பேனா?

இங்கே என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலில் காங்கிரீட் சுவர். வேலை முடிந்து வந்ததும் கால்கூடக் கழுவாமல் கேமராவைத்தான் திறப்பேன். அப்பா படுத்திருப்பார். நீ தண்ணீர் கொண்டுவருவாய். போர்வையைச் சரிசெய்வாய். அந்தப் பக்கம் விளக்கு எரியும். அதைப் பார்த்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். சத்தம் வராது, படம் மட்டும்தான். ஆனால் நீ அவரிடம் என்ன பேசுகிறாய் என்று உதட்டைப் பார்த்தே எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம். நீ அறைக்கு வரவில்லை. எங்கே போயிருந்தாய்?

ஒரு வருடம் தள்ளிப்போடு. பூச்சிகள் எங்கேயும் ஓடிப்போகாது. ஒரு வருடத்தில் நான் இடமாற்றம் வாங்கிவிடுவேன், பிறகு நீ எங்கே வேண்டுமானாலும் போ. நீயாகத் தள்ளிப்போட்டால் மரியாதையாக இருக்கும். நெட் இருக்கிற லட்சணத்தில் தேர்வுக்கு உட்கார்ந்து, பாதியில் அறுந்து, அவர்கள் முன்னால் அசிங்கப்படுவதற்கு இது எவ்வளவோ மேல்.

யோசித்து எழுது.

அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

யோசித்தேன். நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் ஒரு முறை உட்கார்ந்து பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கூடத்து மேசையில், நம் வைஃபையில்தான். வேறு வழி இல்லை. ஓடினால் ஓடட்டும். இல்லையென்றால் நீ சொன்னபடி அடுத்த வருடம்.

அப்பா நன்றாக இருக்கிறார். நேற்று சாவியைக் கேட்கவில்லை.

தங்கை


மார்ச் 27

அன்புக் கொசுவுக்கு,

இன்றைய தபால் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

மனதை விட்டுவிடாதே. இது உன் தப்பு இல்லை. எவ்வளவு படித்திருப்பாய், எத்தனை நாள் தயார் செய்திருப்பாய், கடைசியில் ஒரு நெட் இப்படிக் காலை வாரிவிட்டால் யாரால் என்ன செய்ய முடியும். காலையிலிருந்து அந்த மேசையில் உட்கார்ந்து நீ பட்டிருக்கும் பாட்டை நினைத்தால் எனக்கு இங்கே வேலை ஓடவில்லை. நீர்மட்டத்தைத் தப்பாக எழுதி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்தக் கடிதம் கிடைக்கும்போது அழுது முடித்திருப்பாய். முகத்தைக் கழுவு. அந்த மூன்று பேருக்கு ஒரு கடிதம் எழுது, வீட்டில் இணையத் தொடர்பு கிடைக்கவில்லை என்று பணிவாகச் சொல். அடுத்த வருடம் கூப்பிடுவார்கள். நல்ல மூளையை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

கோடையில் எனக்குப் பத்து நாள் விடுப்பு கிடைக்கும். வருகிறேன். பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் நானே பார்த்துச் சரிசெய்துவிடுகிறேன். உனக்குப் புது லேப்டாப் ஒன்று வாங்கலாம். பழைய மாதிரி மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடலாம். உனக்குப் பிடிக்கும் என்றால் போனிலும் பேசலாம், எனக்கு இப்போது கோபம் இல்லை.

ஒன்றே ஒன்று. செவ்வாய்க்கிழமை அந்த மருந்துக்கடைக்காரி அப்பாவின் பக்கத்தில் வெகு நேரம் உட்கார்ந்து நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். சொல்லியிருந்தேன் இல்லையா. சரி, இன்று உன்னைத் திட்ட மனது வரவில்லை. விடு.

அண்ணன்


மார்ச் 31

அண்ணா,

உன் கடிதம் நேற்று வந்தது. நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நெட் போனது உண்மை. மேசையில் உட்கார்ந்து அது போவதைப் பார்த்தேன். ஒன்பதரைக்குப் போனது. நான்கு கோடும் நின்றது. மதியம் வந்தது. அன்றைக்கு நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. மாடி அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு எழுதவும் இல்லை. அப்பாவின் அறைக்குப் போய்வந்தபோதெல்லாம் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன், ஒரு முறை சிரிக்கவும் செய்தேன். நீ அங்கே உட்கார்ந்து ஆறுதல் எழுதிக்கொண்டிருந்தாய். அதே நாளில். தபால் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று.

நீ எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு ஓரத்தில் சந்தேகம் மிச்சம் இருந்திருக்கும். அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு உன்னோடு காலத்தை ஓட்டியிருப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது.

உனக்குச் சொல்லாதது இரண்டு.

முதலாவது. உன் மார்ச் 17 கடிதம் வருவதற்கு முன்பே என் கைபேசியை வயரில் லேப்டாப்போடு இணைத்து, அதன் வழியாக நம் வைஃபையை எடுத்துப் பார்த்தேன். நன்றாக ஓடியது. நீ சொல்லிக்கொடுத்ததுதான், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மற்ற எதையும் தொடவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு எழுதவில்லை. கொஞ்ச நாள் ஓடியது. பிறகு அதுவரை ஒரு குறையும் இல்லாத கைபேசியும் ஊமையானது. குறை என்றால் அதற்குத் தேடிப்போகத் தெரியாது அண்ணா. லேப்டாப்பை விட்டுவிட்டுக் கைபேசியைத் தேடி வந்தது. யாரோ உட்கார்ந்து, என்னென்ன கருவி இணைந்திருக்கிறது என்று பார்த்து, இதையும் நிறுத்து என்று தொட்டிருக்கிறார்கள். அன்று மாலை உன் கடிதம் வந்தது. என்னிடம் மந்திரக்கோலா இருக்கிறது என்று கேட்டிருந்தாய்.

திருடன் என்றால் கதவைச் சாத்தலாம்.

அன்றைக்கே மாடிக்குப் போனேன். அக்கா கதவைப் பாதிதான் திறந்தார்கள். நியாயம்தான்.

"என்ன, இப்ப உங்க அண்ணன் என்னைக் காலி பண்ணச் சொல்றாரா?"

"இல்லக்கா. மன்னிச்சிருங்க. எனக்கு உங்க வீட்டு மேசை ஒரு காலை நேரத்துக்கு வேணும்."

"மேசை மட்டுமா?"

"நெட்டும்."

"அப்ப திருடறது நீதான்" என்றார்கள். அதற்குப் பிறகுதான் கதவு முழுதாகத் திறந்தது.

இரண்டாவது. அந்த மூன்று பேரிடம் தேதியை முன்னால் தள்ளிக் கேட்டேன். வீட்டில் நோயாளி என்று மட்டும் சொன்னேன். கொடுத்தார்கள். மார்ச் 24, செவ்வாய். உனக்கு வெள்ளிக்கிழமை என்றே எழுதினேன். உன்னிடம் நான் தெரிந்தே சொன்ன முதல் பொய் அது.

செவ்வாய்க்கிழமை அக்கா கடைக்கு விடுப்பு போட்டுவிட்டு அப்பாவிடம் உட்கார்ந்திருந்தார்கள். நகம் வெட்டிவிட்டார்கள். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போது நான் உன் தலைக்கு மேல், உன் படத்துக்கு வெளியே, தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு முறைகூட அறுந்துபோகவில்லை. கேள்வி கேட்ட மூவரில் வயதான அம்மா ஒருவர், கரப்பான் பூச்சிக்குப் பயமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கும்தான் என்றார்.

இடம் கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை நான் எங்கே போயிருந்தேன் என்று கேட்டிருந்தாய். கூடத்தில் இருந்தேன், நாற்காலியில். அப்பாவைப் பார்க்க வர வேண்டும் என்று தெரியும். எழுந்திருக்க முடியவில்லை. அந்த அறைக்குள் நுழைந்தால் உன் முன்னால் நிற்பதுபோல் இருந்தது. நீ எங்கள் உதட்டைப் படிக்கிறாய் என்று அதே கடிதத்தில் நீயே எழுதினாய். அதற்குப் பிறகு அப்பாவிடம் பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்கிறேன். அவர் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு காதைக் கொண்டுவருகிறார். சந்தோஷப்படுகிறார்.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கல்லூரியிலிருந்து நின்றாய், தெரியும். உன் ஜன்னலில் காங்கிரீட் சுவர், இப்போதுதான் தெரியும். அப்பா விழுந்த அன்று இரண்டு வண்டி மாறி வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நீதான். ஆனால் என் லேப்டாப் நிற்கும்போதெல்லாம், இந்த வீட்டில் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். அந்த நேரத்தில் நீ எனக்கு டிரைவரை நீக்கிப் போடச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தாய். கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினாய். அந்தக் கொஞ்சத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கடிதம் எழுதச் சொன்னதும் நீதான். ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் ஒரு வாரம். இதுவும் இப்போதுதான் உறைக்கிறது.

ஒரு வருடம் தள்ளிப்போடச் சொன்னாய். அப்பாவை உன்னிடம் விட்டுவிட்டுப் போகலாமா என்றும் ஒரு மதியம் முழுக்க யோசித்தேன். அவர் கட்டிலை விட்டு எழக் கூடாது என்று நீ நினைத்தால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. முன்பு தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அதனால் அப்பா என்னோடு வருகிறார். தரைத்தளத்தில் ஓர் அறை. குளியலறைக்கு ஆறேழு எட்டு வைத்தால் போதும், நடுவில் இடிக்க ஒன்றும் இல்லை. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருவார். அம்மாவின் கட்டிலை எடுத்துப்போகவில்லை. அது உனக்கு.

முகவரி எழுதப்போவதில்லை. எவ்வளவு நாளைக்கு என்று எனக்கே தெரியாது. அப்பா எப்படி இருக்கிறார் என்று மாதம் ஒரு முறை எழுதுவேன். நீ பதில் எழுத முடியாது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்கிறேன்.

பெட்டியை உடைக்கவில்லை. எதையும் பிடுங்கவில்லை. கேமரா அது பாட்டுக்கு ஓடட்டும். வெறும் கட்டில் தெரியும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் முன்பே நீ அதைப் பார்த்திருப்பாய். அதற்காக வருந்துகிறேன். முதலில் கடிதம்தான் வந்து சேர வேண்டும் என்று நினைத்தேன், தபால் என் கையில் இல்லை.

அப்பா இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். "அவனை வரச் சொல்லு" என்றார்.

இதற்கு மேல் எழுத ஓடவில்லை. உறையை ஒட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன். பிறகு அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்குவேன்.